தைவான் குறைகடத்தித் தொழில்

தைவான் குறைகடத்தித் தொழில் என்பது அரசு முன்முயற்சியில் உருவாகி, பிற நிறுவனங்கள் வடிவமைக்கும் சில்லுகளை ஒப்பந்த முறையில் உற்பத்தி செய்வதில் உலகின் முதலிடத்தை எட்டிய தொழில்துறையாகும்.

பிரிவுகள்: சில்லு வடிவமைப்பு; சிலிக்கான் வில்லைகளில் மின்சுற்றுகளைப் பதித்தல்; சில்லுகளைச் சோதித்து உறையிடுதல்.

வரலாறு: 1973-இல் அரசு தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவியது. 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து, பொறியாளர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பியது. 1977-இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆய்வு நிறுவனத்தின் மாதிரி ஆலை மின்னணுக் கைக்கடிகாரங்களுக்கான சில்லுகளைத் தயாரித்தது. 1980-இல் யு.எம்.சி. என்ற சில்லு உற்பத்தி நிறுவனமும் சிஞ்சு அறிவியல் பூங்காவும் தோன்றின. 1987-இல் அரசு நிதி, பிலிப்ஸ் நிறுவனத்தின் பங்கு முதலீடு ஆகியவற்றுடன் மோரிஸ் சாங் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார்.

முக்கியத்துவம்: டி.எஸ்.எம்.சி. சொந்தப் பெயரில் சில்லு விற்பதில்லை. வாடிக்கையாளரின் வடிவமைப்பையே உற்பத்தி செய்கிறது. பெரும் முதலீடு கோரும் ஆலை இல்லாத வடிவமைப்பு நிறுவனங்கள் உலகெங்கும் பெருக இம்முறை வழிவகுத்தது.

இடர்கள்: வில்லைகளைக் கழுவ மிகத் தூய நீர் பெருமளவில் தேவை. 2021 வறட்சியில் ஆலைகளுக்கு லாரிகளில் நீர் கொண்டுவரப்பட்டது. 1999 செப்டம்பர் நிலநடுக்கம் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தியது.