குட்டிக் கம்பி: வில்லிஸ் ஜீப்பில் இருந்து தார் வரைக்கும்

போன வருஷம் லோன் போட்டு ஒரு மஹிந்திரா தார் எடுத்தேன். எடுத்த கையோட போடிக்கு ஓட்டிட்டுப் போனேன். அம்மாச்சி வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எத்தனை பேரு ஏறலாம்?"

நாலு பேர்னு சொன்னேன்.

"இம்புட்டுக் காசக் கொட்டி நாலு பேருதானா? எங்க ஜீப்புல பதினெட்டுப் பேரு போவோம்யா."

இது சும்மா சொன்ன கணக்கு இல்லை. போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியறதுக்கு முன்னாடியே ஜீப்ல ஏறி, மலை மேல இருக்கற இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவாங்க. அம்மாச்சியும் பல வருஷம் அப்படிப் போனவங்கதான். இன்னைக்கும் அந்த ஜீப்புகள் ஓடுது. அளவுக்கு மேல ஆள் ஏத்தி கவிழ்ந்துச்சுன்னு செய்தியும் வருது. நமக்கு வீக்எண்ட் வண்டியா தெரியற இது, முதல்ல யாருக்காகச் செஞ்சது, இந்த மலைக்கு எப்படி வந்துச்சு? அதுதான் இன்னைக்குக் கதை.

1940, ஜூலை. ஹிட்லரோட படை ஐரோப்பாவை வேகமா பிடிச்சிட்டு இருக்கு. அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சின்ன நாலு சக்கர டிரைவ் வண்டி அவசரமா வேணும். 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டாங்க. நிபந்தனை என்னன்னா, 49 நாள்ல முதல் வண்டி கையில இருக்கணும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆபீஸ்ல நமக்குக் குடுக்கற டெட்லைன் எல்லாம் எவ்வளவோ மேல். பதில் போட்டது ரெண்டே கம்பெனி. ஒண்ணு வில்லிஸ். இன்னொண்ணு, பென்சில்வேனியாவுல திவாலாகற நிலைமைல இருந்த பாண்டம்.

பாண்டம்ல டிசைன் பண்ண ஆளே இல்லை. வெளியில இருந்து கார்ல் ப்ராப்ஸ்ட்னு ஒரு இன்ஜினீயரைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு நாள்ல அடிப்படை வரைபடம் ரெடி. செப்டம்பர் 23, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கறப்ப, மேரிலாண்ட்ல இருக்கற ஹோலபேர்ட் முகாமுக்கு வண்டியை ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. ராணுவத்துக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா பாண்டமால லட்சக்கணக்குல செஞ்சு தர முடியாதுன்னு, அவங்க வரைபடத்தையே வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் குடுத்துட்டாங்க. போர் முடியறதுக்குள்ள அந்த ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஜீப் 6 லட்சத்துக்கும் மேல. பாண்டம் மூவாயிரத்தைக்கூடத் தொடலை. எனக்கு இதைப் படிக்கறப்பெல்லாம் கடுப்பாகும். (எடை விஷயம் கேட்டா சிரிப்பீங்க. கடைசில வந்த வில்லிஸ் ஆயிரம் கிலோவைத் தாண்டிடுச்சு.)

அந்த வண்டியோட உயிர் எங்க இருக்குன்னு கேட்டா, நான் கியர் லீவர் பக்கத்துல இருக்கற சின்னக் கம்பியைத்தான் காட்டுவேன். கியர்பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு இன்னொரு பெட்டி. கம்பியை லோவுக்குத் தள்ளினா, சக்கரத்துக்குப் போற சுத்து வில்லிஸ்ல கிட்டத்தட்ட பாதியாகும். வேகம் பாதி, இழுவை ரெண்டு மடங்கு. வெறும் 60 குதிரைசக்தி இன்ஜினை வெச்சு சேத்துல பீரங்கி இழுத்தது இப்படித்தான். ஏத்தத்தை விட இறக்கத்துல இது இன்னும் முக்கியம். ப்ரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கினா அது சூடாகிப் பிடிக்காமப் போகும். லோவுல போட்டா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கும்.

அது இங்க எப்படி வந்துச்சு? போர்க்காலத்துல கே.சி. மஹிந்திரா, வாஷிங்டன்ல இந்தியா சப்ளை மிஷனோட தலைவரா இருந்தார். 1945-ல அவரும் அண்ணன் ஜே.சி.யும் மாலிக் குலாம் முகமதும் சேர்ந்து ஒரு ஸ்டீல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேரு மஹிந்திரா அண்ட் முகமது. ரெண்டே வருஷத்துல நாடு பிரிஞ்சுது. குலாம் முகமது பாகிஸ்தானோட முதல் நிதியமைச்சர் ஆனார், 1951-ல கவர்னர் ஜெனரலே ஆனார். 1948-ல கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. எம் அண்ட் எம்ங்கற சுருக்கத்தை மட்டும் மாத்தத் தேவைப்படலை. வில்லிஸோட பாகங்கள் கப்பல்ல வர, பம்பாய் மசகான்ல ஜீப்பை மாட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் பல பத்து வருஷம் ராணுவம், போலீஸ், காடு, எஸ்டேட், தேர்தல் பிரச்சாரம்னு எல்லாத்துக்கும் அந்த வம்சம்தான். 2010-ல வந்த தாரும் அதே வம்சம்.

பாலைவனத்தோட பேரு அது. ஆனா என் தார் ஓடினது முழுக்க தார் ரோட்டுலதான். ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. காய்ஞ்ச ரோட்டுல அதைப் போடவும் கூடாது. திரும்பறப்ப முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகணும். மண்ணா இருந்தா வழுக்கிச் சமாளிக்கும், தார் ரோட்டுல அந்த அழுத்தம் முழுக்க ஷாஃப்ட் மேல விழும்.

அந்தத் தடவை அம்மாச்சி, தான் வேலை பார்த்த தோட்டத்தைப் பார்க்கணும்னு சொன்னாங்க. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, பிரச்சினையே இல்லை. அதுக்கு அப்புறம் மண் பாதை. முந்தின நாள் மழை. பாதி ஏத்தத்துல சக்கரம் சுத்துது, வண்டி நகரலை. நான் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிட்டே இருக்கேன்.

"அந்தக் குட்டிக் கம்பியப் போடுய்யா. எங்க டிரைவரு இங்கனதான் போடுவாரு."

வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல வெச்சுத் தள்ளினேன். இதுவரைக்கும் தொடாத கம்பி, இறுக்கமா இருந்துச்சு. உள்ள 'டக்'குனு விழுந்ததும் வண்டி நடக்கற வேகத்துல ஏறிடுச்சு. தோட்டத்து கேட் பூட்டியிருந்துச்சு. வெளிய நின்னு பார்த்துட்டுத் திரும்பினோம்.

இறங்கறப்ப பின்னாடி ஒரு பழைய ஜீப், வேலை முடிச்ச பெண்களை ஏத்திட்டு ஹாரன் அடிச்சிட்டே வந்துச்சு. ஓரமா ஒதுங்கி வழி விட்டேன். அம்மாச்சி கண்ணாடியை இறக்கி எண்ணினாங்க.

"பதினாறு," அப்படின்னாங்க. "ரெண்டு பேரு குறையுது."

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.