சக்கரத்தைத் தேடிச் சென்ற பட்டறை

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவரோடு நின்றுவிடுகின்றனர். பழுது பார்த்தவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு பொறி கெட்டுப்போன வேளையில் அதைச் சரிசெய்யும் கை அருகே கிடைத்தால்தான் அது மக்களுக்குச் சொந்தமாகிறது. சைக்கிளின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர மரவண்டியை ஓட்டிக் காட்டினார். 1860-களில் பாரிஸ் நகரத்துக் கொல்லர் பியேர் மிஷோவின் பட்டறையிலிருந்து, முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டிய வண்டிகள் வெளிவந்தன. மரமும் இரும்புமே அவற்றின் உறுப்புகளாதலால், முறிந்ததைத் தச்சரோ கொல்லரோ சரிசெய்துவிடலாம். 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பயணம் சுகமாயிற்று, புதிய தொல்லையொன்றும் உடன் பிறந்தது. ஒரு சிறு முள் தைத்தாலும் வண்டி நின்றுவிடும்!

அக்காலத்து டயர் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. 1889-ல் பிரான்சின் கிளெர்மோன்-பெரான் நகரில் ரப்பர்த் தொழில் நடத்திய மிஷ்லேன் சகோதரர்களிடம் அத்தகைய டயரொன்று பழுதுக்கு வந்தது. அதைச் செப்பனிட மூன்று மணி நேரமும், பசை உலர ஓர் இரவும் பிடித்தன. இந்த அலுப்பே ஒரு கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று. கழற்றி மாட்டத்தக்க டயரை அவர்கள் உருவாக்கினர். 1891-ல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் போட்டியில், அந்த டயர் பூட்டிய வண்டியில் சென்ற சார்ல் தெரோன் வெற்றி பெற்றார். பட்டறைக்குள் அடைபட்டுக் கிடந்த தொழில், ஒரு சிறு பைக்குள் அடங்கிச் சாலைக்கு வருவதற்கு வழி பிறந்தது.

1913-ல் நடந்த டூர் டி பிரான்ஸ் போட்டியில் யூஜேன் கிறிஸ்தோப் என்னும் வீரர் துர்மாலே கணவாயிலிருந்து இறங்குகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் முறிந்தது. பிறர் உதவியைப் பெறலாகாது என்பது விதி. அவர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு சிற்றூரின் கொல்லுலையை அடைந்து, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். துருத்தி ஊத ஒரு சிறுவன் கைகொடுத்தான். அதற்காக நடுவர்கள் அவருக்குத் தண்டனை நேரம் விதித்தனர்! போட்டிக்கு அவ்விதி பொருந்தலாம். பள்ளிக்கும் சந்தைக்கும் வயலுக்கும் செல்லும் எளியவருக்கோ, துருத்தி ஊதிய அந்தச் சிறுவனின் கையே இன்றியமையாதது.

நம் தமிழகத்தில் அந்தக் கையை நீட்டியவர்கள் வாடகை சைக்கிள் கடைக்காரர்களும் மரத்தடிப் பஞ்சர்க் கடைக்காரர்களும் ஆவர். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். குமிழி எழும் இடத்தைக் கண்டு தேய்ப்பார்கள். சொல்யூஷன் தடவி ரப்பர்த் துண்டை ஒட்டுவார்கள். கோணிய சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுப்பார்கள். கண்ணும் விரலுமே அவர்களுடைய அளவுகோல். மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னர், இத்தகைய கடைகள் பல ஊர்களில் அருகிவிட்டன.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் என ஆயிரமாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றனர். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எவர் துணையும் வேண்டாமல் சென்றனர். 2001-02-ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

மாணவ நண்பர்களே, இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நோயாளியை வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டு போகலாம். பழுதான சைக்கிளோ, அதுவே வண்டி. அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கடை எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், ஒரு முள் ஒரு மாணவியின் படிப்பையே தடுத்துவிடக்கூடும். எனவே, பட்டறைதான் சக்கரத்தைத் தேடிச் செல்லவேண்டும்.

இவ்வுண்மையை அண்மைக்கால வரலாறும் உணர்த்துகிறது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், 2005-ல் தோன்றிய 'வேர்ல்டு பைசிக்கிள் ரிலீப்' என்னும் அமைப்பு, இலங்கையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்கள் கிடைக்க வழிசெய்தது. பின்பு ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில், நோயாளிகளை வீடு தேடிச் சென்று பேணும் தொண்டர்களுக்கு வண்டிகளை வழங்கியது. வண்டி கொடுப்பதோடு அமையாமல், அவ்வூர் மக்களுள் சிலரையே பழுதுபார்ப்போராகப் பயிற்றி, கருவிகளும் கொடுத்தது. வண்டியோடு கைத்திறனும் சென்றது.

தேடிச் செல்லும் தொண்டு நமக்குப் புதிதன்று. 1931-லேயே மன்னார்குடியைச் சுற்றிய கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் சென்றது. நூல்கள் சென்ற வழியில் ஸ்பானரும் செல்லலாம் அன்றோ? நடமாடும் பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பின்புறம் பெட்டி கட்டிய ஒரு சைக்கிள், ஒரு பம்பு, டயர் நெம்பும் தகடுகள், சில ஸ்பானர்கள், ஒட்டு ரப்பர், சொல்யூஷன், பிரேக் கட்டைகள், எண்ணெய்க் குப்பி ஆகியன தொடக்கத்துக்குப் போதும். தண்ணீரை எவ்வூரும் தரும். இன்ன கிழமையில் இன்ன ஊர் என்று நாள் தவறாமல் செல்லவேண்டும். நாள் தவறினால் நம்பிக்கை தவறும். உதிரி உறுப்புக்கு அடக்க விலையும், உழைப்புக்கு நியாயமான கூலியும் பெற்றால்தான் தொண்டு நிலைக்கும். யாவற்றுக்கும் மேலாக, வண்டிக்கு உரியவரையும் அருகில் அமர்த்திக் கற்பிக்கவேண்டும். பஞ்சர் ஒட்டக் கற்ற மாணவி அடுத்த முறை எவருக்கும் காத்திருக்கமாட்டாள்.

சைக்கிளை ஆக்கியோர் சிலரின் பெயர்களை உலகம் அறியும். அதை நூறாண்டுக்கு மேலாக ஓடவைத்த எண்ணெய் படிந்த கைகளுக்குப் பெயரில்லை. அக்கைகளின் திறன் ஊர்தோறும் பரவுமாயின், அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.