நாய்க்கு ஊசி போட்ட அட்டை எங்கே? வாவிக்கரையில் நாய் வளர்ப்போருக்குச் சில குறிப்புகள்

கடந்த வருடம் அண்ணாவின் மகளை எங்கள் வீட்டு நாயே கடித்தது. சோறு தின்றுகொண்டிருந்த நாயின் தட்டைப் பிள்ளை இழுக்கப் போயிருக்கிறாள். கையில் இரண்டு பல் அடையாளம், பெரிய காயமில்லை. "நம்மட நாய்தானே மனே, ஒண்டும் செய்யாது" என்று அம்மம்மா மஞ்சளைப் பூசிவிட்டார்.

வைத்தியசாலையில் முதலில் கேட்டது, "நாய்க்கு ஊசி போட்ட அட்டை எங்கே?" என்பதைத்தான். போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எப்போது என்பதில் ஆளுக்கொரு கதை. அட்டை மட்டும் இல்லை. பிள்ளைக்கு ஊசிகள் போடவேண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

போர்க்காலம் பழக்கிய நாய்

படுவான்கரையில் வளர்ந்தவர்களுக்கு நாய் குரைப்பது வெறும் சத்தமல்ல. ஒழுங்கையில் யாரோ வருகிறார்கள் என்பதை அதுதான் முதலில் சொல்லும். உடனே விளக்கை நூர்த்துவிட்டு மூச்சை அடக்கி இருப்போம். எங்கள் நாயின் வாயைப் பொத்திப் பிடித்திருந்த இரவுகளும் உண்டு. 2007 மார்ச்சில் செல் விழத் தொடங்கியதும் பல்லாயிரம் பேர் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தோம். நாய்களைக் கொண்டுவர முடியவில்லை. திரும்பிப் போனபோது யாருடையதென்று தெரியாத நாய்கள் வளவுகளில் கூட்டமாகத் திரிந்தன.

யாரைக் கண்டாலும் பாய்வதே நல்ல நாய் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வந்தது. இன்றும் பகல் முழுக்கக் கட்டி வைத்து, அடித்து வளர்த்து, இரவில் அவிழ்த்து விடுகிறோம். ஆனால் இப்போது படலைக்கு வருவது தபால்காரரும், மின்மானி பார்ப்பவரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான். அவர்களைக் கடிக்காத நாயை நாம்தான் வளர்த்தெடுக்க வேண்டும்.

விசர்நாய்க்கடி

1973 இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைத்ததாலும் பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை வருடத்துக்குச் சில பத்துகளாகக் குறைந்தது. ஆனால் நோயின் அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அது இன்னும் மாறவில்லை.

உலகில் மனிதருக்கு வரும் இந்நோயில் 99 சதவீதம் நாய்களிடமிருந்தே வருகிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நமது ஒரு நாய்க்குப் போடும் ஊசி ஒழுங்கையில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் காவல்.

"இது சின்னக் குட்டிதானே" என்று விடவேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளுக்கும் இந்த ஊசியைப் போடலாம். பின்னர் வருடந்தோறும் போடவேண்டும். கிராமங்களில் நடத்தப்படும் அரச முகாம்களில் இது இலவசம். அடுத்த முகாம் எப்போது என்பதை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ கேளுங்கள். 1901 இல் வந்த நாய்ப் பதிவுச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அதன்படி வருடந்தோறும் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ நாயைப் பதிவு செய்யவேண்டும்.

கடிபட்டால்

குழாய் நீரிலோ வாளியிலிருந்து ஊற்றும் நீரிலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், எண்ணெய் எதுவும் பூசவேண்டாம். உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கிப் போகிறது. அது போய்ச் சேருமுன் ஊசி வேலை செய்யவேண்டும். பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் மனதுக்கு ஆறுதல் தரலாம், ஆனால் ஊசிக்குப் பதிலாகாது.

நகக்கீறலையும், காயத்தில் நாய் நக்கியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பூனை, கீரி கடித்தாலும் இதே நடைமுறைதான். பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடிபட்டதை மறைப்பார்கள். ஆகவே, கடிபட்டால் ஏசமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அதைக் கட்டி வைத்து 14 நாட்கள் கவனிக்க வேண்டும். அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று பொருள். இடையில் இறந்தால் உடனே சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்க முடியும். நாயின் குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, தள்ளாடி நடப்பது, கண்டதையெல்லாம் கடிப்பது ஆகியவை எச்சரிக்கைகள். தாடை தொங்கும் நாயின் தொண்டையில் முள் சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கைவிட வேண்டாம்.

அடிக்காமல் பழக்குவது

கண்ணிவெடி தேடும் நாய்கள் நமது நாட்டிலும் பணியாற்றியிருக்கின்றன. வெடிமருந்தின் மணத்தைக் கண்டதும் அந்த நாய் அசையாமல் அமரும். பழக்குபவர் உடனே பந்து கொடுத்து விளையாட விடுவார். அடி வாங்கிய நாய் பயத்தில் பிழைவிடும். கண்ணிவெடி நிலத்தில் ஒரு பிழையும் விடமுடியாது.

வீட்டிலும் இதே முறைதான். முள் நீக்கிய அவித்த மீனைச் சிறு துண்டுகளாக எடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், அது வேண்டாம். ஒரு துண்டை நாயின் மூக்குக்கு மேலே மெதுவாக உயர்த்தினால் அது தானாக அமரும். அமரும் கணத்தில் "இரு" என்று சொல்லி உடனே கொடுங்கள். பிந்திக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும். வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

குரைப்பை முற்றாக அடக்க வேண்டியதில்லை. படுவான்கரையில் யானை வருவதை நாய்தானே சொல்கிறது. நாலு தடவை குரைத்ததும் "போதும்" என்று சொல்லுங்கள். வாய் மூடிய கணத்தில் மீன் துண்டைக் கொடுங்கள்.

குட்டிக்கு மூன்று வாரம் முதல் ஏறத்தாழ பதினான்கு வாரம் வரையான காலம் முக்கியமானது. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சீருடைக்காரர், முதியவர் என்று பலரையும் அது அமைதியாகக் காணட்டும். அப்போது காணாதவர்களை வளர்ந்த பின் எதிரியாக நினைக்கும். பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டியோடு கிடக்கும் நாயையும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நமது ஊருக்கென்று சில

வலையில் வந்த பேத்தை மீனைக் கரையில் வீசாதீர்கள். தின்ற நாய் செத்துவிடும். முதலை நடமாடும் இடங்களில் நாயை வாவியில் இறக்கவேண்டாம். குடிக்க எப்போதும் நல்ல தண்ணீர் வையுங்கள். கட்டினால் நிழலில் கட்டுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர் பக்கமிருந்து முஸ்லிம் அயலவர்கள் வியாபாரத்துக்கோ விருந்துக்கோ வருவார்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்வது அவர்களது மார்க்க நடைமுறை. படலையில் ஆளைக் கண்டதும் நாயைக் கட்டுவது நாம் காட்டும் மரியாதை.

பெட்டைக் குட்டிகளைச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுவருவதால்தான் கட்டாக்காலிகள் பெருகுகின்றன. 2006 முதல் நாய்களைக் கொல்வதில்லை என்பதே அரசின் கொள்கை. மிஞ்சியிருக்கும் வழி கருத்தடையும் தடுப்பூசியும். கருத்தடை பற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஓடவேண்டி வந்தால்

சுனாமியும் 2011 ஜனவரி வெள்ளமும் நமக்குத் தெரியும். நாயைக் கூட்டிப்போக முடியாவிட்டால் சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போங்கள். கட்டிய நாய்க்குத் தப்ப வழியில்லை. கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கத்தை அழியாத மையால் எழுதி வையுங்கள். கூட்டிப்போக முடிந்தால் கயிறும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். முகாமில் பிள்ளைகள் நெருக்கமாக இருப்பார்கள், ஊசி போட்ட நாய் என்று காட்ட அந்த அட்டைதான் உதவும்.

எங்கள் நாய்க்கு 14 நாட்களும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முகாமில் ஊசி போட்டு அட்டை வாங்கினோம். பல வீடுகளைப்போல எங்கள் வீட்டிலும் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி எல்லாம் அதற்குள்தான். 2007 இல் வாவியைக் கடந்தபோதும் அம்மாவின் தோளில் அந்தப் பைதான் இருந்தது. நாயின் அட்டையை எங்கே வைப்பது என்று அம்மாவைக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் வாங்கி, அந்தப் பைக்குள் வைத்தார்.