பாடலிபுத்திரத்துக்குப் பம்பாய் கொடுத்த பணம்

பாடலியில் வாழ்ந்த நந்தர்கள் தம் செல்வத்தைக் கங்கையின் நீரடியில் மறைத்துவைத்த செய்தியை அகநானூற்றில் மாமூலனார் சொல்கிறார். அந்தப் பாடலிபுத்திரத்தை அகழ்ந்து பார்க்கப் பணம் பம்பாயிலிருந்து போனது. கொடுத்தவர் டாடா நிறுவனத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜியின் இளைய மகன் சர் ரத்தன் டாடா (1871–1918). 2024-இல் மறைந்த அதே பெயர்கொண்ட தொழிலதிபர் வேறு, இவர் வேறு. ஆண்டுக்கு 20,000 ரூபாய் தருவதாகத் தொல்லியல் துறைக்கு வாக்களித்தார். 1913-இல் பழைய பாடலிபுத்திரம் இருந்த, இன்றைய பாட்னாவின் குமரஹாரில் வேலை தொடங்கியது, மொத்தம் 75,000 ரூபாய் வரை கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்துக்கு 1,25,000 ரூபாய் அனுப்பியவரும் இவரே. அதே காலத்தில் வங்கத்தில் திகாபதியா அரச குடும்பத்து சரத்குமார் ராய், 1910-இல் ராஜஷாகியில் வரேந்திர ஆய்வுக் கழகத்தை நிறுவினார். ராய் தாமே ஆய்வில் இறங்கிய புலமையாளர். டாடா கலைப்பொருள் சேகரித்த செல்வர். புரவலரின் புலமையைவிட, ஆய்வாளர் எழுதும் முடிவில் அவர் தலையிடாதிருப்பதே பெரிது என்பது என் துணிபு.

டாடா அப்படித் தலையிடாதவர் என்பதற்கு எதிராக வலுவான ஐயம் ஒன்று எழலாம். அகழாய்வை நடத்திய டி.பி. ஸ்பூனர், அங்கே வெளிப்பட்ட மௌரியர் மண்டபம் பாரசீகத்துப் பெர்சிபோலிஸ் அரண்மனையைப் பார்த்துக் கட்டியது என்றார். அதோடு நில்லாமல், 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் சந்திரகுப்தனையும் புத்தரையுமே பாரசீக மரபினர் ஆக்கிவிட்டார். பணம் கொடுத்தவரோ பாரசீக வழிவந்த பார்சி. ஆகவே முடிவு விலைக்கு வாங்கப்பட்டது என்று யாரும் ஐயுறலாம். ஆனால் டாடா அப்படிக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. ஸ்பூனரின் கருத்தைக் கீத் முதலிய அறிஞர்கள் மறு ஆண்டே மறுத்தார்கள். அந்தக் கருத்து போயிற்று, தரையில் கிடைத்தது நின்றது. சாம்பல் நிறைந்த வட்டக் குழிகள் ஏறத்தாழ 15 அடிக்கு ஒன்றாக வரிசை பிசகாமல் கிடந்தன. ஒவ்வொன்றும் தூண் நின்ற இடம். மெருகு குன்றாத மணற்கல் தூண் ஒன்றும் அகப்பட்டது. ஸ்பூனர் குறித்துவைத்த தூணிடங்கள் 72. 1951–55-இல் அல்தேகரும் விஜயகாந்த மிஸ்ராவும் மறுபடி தோண்டி மேலும் 8 இடங்களைக் கண்டார்கள். எண்பது தூண் மண்டபம் என்று இன்று நாம் சொல்வது இப்படி வந்தது. தூண்கள் ஈரமண்ணில் அமிழ்ந்துபோயின என்ற ஸ்பூனரின் விளக்கத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. கொடையாளிக்கு உவப்பான கருத்தை அதே குழிகளைக் கொண்டே திருத்த முடிந்தது என்றால், அந்தக் கொடை ஆய்வைக் கெடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இது அரசின் கடமை, தனியார் எதற்கு என்பார்கள். கடமைதான். ஆனால் கையில் உள்ள நிதிக்கேற்ப இடங்களைத் தேர்ந்து ஒதுக்குவது எந்த அரசுத் துறைக்கும் உள்ள நிலை. விடுபட்ட இடங்கள் காத்திருக்க, மேலே வீடுகள் எழும்பிவிடும். தனியார் கொடை புதிதும் அன்று: பம்பாயின் கான்ஹேரிக் குகைகளில், அருகே உள்ள கல்யாண் நகர வணிகர்களின் கொடைகள் கல்வெட்டாகவே நிற்கின்றன. அந்தக் கல்யாணில் வாழும் தமிழர் நாம் ஊர்க்கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுக்கிறோம். அகழாய்வு அறிக்கை அச்சேறவும், சிதையும் கல்வெட்டுகளுக்குப் படி எடுக்கவும் அதில் ஒரு பங்கு கொடுப்போம். நம் ஊருக்கும் இனத்துக்கும் பெருமை தரும் முடிவுதான் வரவேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம்.