டிஸ்னிலாந்தில் புதிய பகுதிகளுக்கான இடத்தேர்வு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தில் ஓராண்டுக்குள் கட்டப்பட்ட கேளிக்கைப் பூங்கா இது. பிற்காலத்தில் இங்கு சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் எங்கே அமைய வேண்டும் என்பதை அந்த முதல் ஆண்டில் போடப்பட்ட ஓர் எல்லையே பெரும்பாலும் தீர்மானித்தது.

மண்மேடும் ரயில்பாதையும்

தெற்கே நுழைவாயில், அதிலிருந்து ஒரு கடைத்தெரு, அதன் முடிவில் வட்டமான திடல். அங்கிருந்து மேற்கே சாகச உலகமும் எல்லைப்புற அமெரிக்காவும், வடக்கே கோட்டையும் தேவதைக் கதைகளும், கிழக்கே எதிர்கால உலகம். ஒரே திடலிலிருந்து எல்லாப் பகுதிகளுக்கும் வழி பிரிவதால் வருபவர் வழி தவறுவது குறைவு. இவை அனைத்தையும் சுற்றி உயரமான மண்மேடு எழுப்பி, அதன்மேல் ஒரு நீராவி ரயிலை ஓடவிட்டார் வால்ட் டிஸ்னி. உள்ளே நிற்பவருக்கு வெளியுலகம் தெரியக்கூடாது என்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது. ஆனால் அதே மேடு வளர்ச்சிக்கும் வேலியானது. வெளியிலோ பூங்காவைச் சுற்றி விடுதிகளும் கடைகளும் விரைவில் முளைத்தன. சுற்றுப்புற நிலத்தை முன்பே வாங்காததை டிஸ்னி பின்னர் ஒரு குறையாகவே கருதினார். 1960களில் புளோரிடாவில் அவர் நிறுவனம் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியதற்கு இந்த அனுபவமே முக்கியக் காரணம்.

மேட்டைத் தாண்டிய வழிகள்

1966இல் திறந்த நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் ஆற்றின் வளைவில் மேட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் கடற்கொள்ளையர் சவாரியும் (1967) பேய் மாளிகையும் (1969) பெரும்பகுதி மேட்டுக்கு வெளியே உள்ளன. கொள்ளையர் சவாரியில் படகு அருவியில் சறுக்கி ரயில்பாதைக்கு அடியில் செல்கிறது. பேய் மாளிகையில் நீண்டுகொண்டே போவதுபோல் தோன்றும் அறை உண்மையில் மக்களைக் கீழே இறக்கும் மின்தூக்கி. இடப்பற்றாக்குறையையே வேடிக்கையாக மாற்றிய இந்த உத்தி இன்றும் பலருக்குத் தெரியாது.

1993இல் மிக்கியின் டூன்டவுன் முழுவதுமாக ரயில்பாதைக்கு வடக்கே அமைந்தது. பாதைக்கு அடியில் நடந்துதான் அங்கு போகவேண்டும்.

ஸ்டார் வார்ஸ் பகுதி

2015 ஆகஸ்டில் 14 ஏக்கரில் ஸ்டார் வார்ஸ் பகுதி வரும் என்று அறிவிக்கப்பட்டபோது, அது எதிர்கால உலகத்தோடு சேரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்தத் திரைவரிசையை ஒட்டிய ஸ்டார் டூர்ஸ் சவாரி 1987 முதல் அங்கேதான் இருந்தது. ஆனால் கிழக்கில் 14 ஏக்கர் வெற்றிடம் இல்லை. ஹார்பர் சாலை நெருக்குகிறது. இடம் இருந்தது வடமேற்கில், அதாவது விண்வெளிக்கும் கவ்பாய்களின் ஊருக்கும் தொடர்பே இல்லாத மூலையில்.

அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் அங்கிருந்த பண்ணைப் பகுதி நிரந்தரமாக மூடப்பட்டது. நீராவிக் கப்பல் சுற்றிவரும் ஆற்றின் வடபகுதி வெட்டிச் சுருக்கப்பட்டது. டாம் சாயர் தீவும் சிறிதானது. அறுபது ஆண்டுகளாக வலப்பக்கமே திரும்பிவந்த ரயில், புதிய பாதையில் முதல்முறையாக இடப்பக்கம் திரும்பியது. 2017 ஜூலையில் ஆறு மீண்டும் திறந்தபோது வடகரையில் பாறைகளும் அருவிகளும் நின்றன. அந்தப் பாறைகளின் ஒரு முகம் அமெரிக்க மேற்கு, மறுமுகம் வேற்றுக்கோள். 2019 மே 31 அன்று திறந்த புதிய பகுதிக்கு மூன்று வாயில்கள் வைத்தனர். பாறைக் குகைவழியில் நடந்து வெளியே வருவதற்குள் முந்தைய உலகம் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மறைந்துவிடுகிறது. கருப்பொருளால் பொருந்தாத இடத்தைக் கட்டுமானத்தால் பொருத்திக்காட்டிய நல்ல எடுத்துக்காட்டு என இதைச் சொல்லலாம். எனினும் சுருங்கிய ஆறு சுருங்கியதுதான்.

புளோரிடாவில்

நிலம் ஏராளமாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது என்று நினைக்கத் தோன்றும். புளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவிலும் இதேபோல் ஆறும் தீவும் கப்பலும் இருந்தன. 2025 ஜூலையில் அவை மூன்றும் மூடப்பட்டன. அந்த இடத்தில் கார்ஸ் திரைப்படத்தைத் தழுவிய பகுதி வரவிருக்கிறது.