மதீனாவின் ‘இஸ்தஸ்யூன்’

மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தென்மேற்கே சற்றேறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில், அன்பரிய்யாப் பகுதியில், ஹிஜாஸ் இரயில் பாதையின் இறுதி நிலையம் நிற்கிறது. அரபியில் ‘மஹத்தா’ என்னும் தக்க சொல் இருந்தும், மதீனாவாசிகள் துருக்கியர் விட்டுச்சென்ற ‘இஸ்தஸ்யூன்’ என்ற பெயரையே வழங்கி வந்தனர். துருக்கியருக்கு அச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்பது வேறு கதை.

திமிஷ்கிலிருந்து ஹாஜிகள் ஒட்டகத்தில் மதீனா வந்துசேர ஏறத்தாழ நாற்பது நாட்கள் ஆயின. அப்பயணத்தைச் சில நாட்களாகச் சுருக்கும் திட்டத்தைச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900இல் அறிவித்தார். ஜெர்மானியரான மைஸ்னர் தலைமைப் பொறியாளராக இருந்தார். ஆயினும் புனித நகரை நெருங்கிய தென்பகுதியை முஸ்லிம் பொறியாளர்களே அமைத்தனர். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை, சுல்தான் அரியணை ஏறிய நாளின் ஆண்டு நிறைவையொட்டி 1908 செப்டம்பர் 1ஆம் நாள் மதீனாவில் திறக்கப்பட்டது. மக்காவரை அதை நீட்டும் எண்ணம் ஈடேறவே இல்லை.

இப்பாதைக்கு அந்நியக் கடன் வாங்கப்படவில்லை என்பதே இதன் தனிச்சிறப்பு. அரசு ஊழியரின் ஊதியப் பிடித்தம், குர்பானித் தோல் விற்ற பணம், உலக முஸ்லிம்களின் நன்கொடை ஆகியவை சேர்ந்தே தண்டவாளம் ஆயின. நம் நாட்டில் அமிர்தசரஸின் ‘வகீல்’ பத்திரிகை இதற்கென ஓயாது குரல் கொடுத்தது. பாதை வக்ஃபு சொத்தாகவும் கருதப்பட்டது.

ஹாஜிகளைக் கொண்டுவரக் கட்டிய நிலையம், பத்தாண்டுகளுக்குள் மதீனாவாசிகளையே வெளியேற்றும் வாயிலாயிற்று. 1916இல் ஷரீஃப் ஹுஸைனின் கிளர்ச்சி மூண்டபின், முற்றுகையில் உணவு அருகவே, தளபதி ஃபக்ரீ பாஷா குடும்பம் குடும்பமாக மக்களை இரயிலேற்றி ஷாமுக்கு அனுப்பினார். ‘ஸஃபர் பர்லிக்’ என்ற சொல் மதீனாவில் அந்தப் பிரிவின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஹுஜ்ரா ஷரீஃபாவின் அரும்பொருட்களும் 1917இல் இவ்வழியாகவே இஸ்தான்புல் சென்றன. இன்று அவை தோப்காபி அரண்மனையில் உள்ளன. பாஷா 1919 ஜனவரி வரை நகரை ஒப்படைக்கவில்லை. அவரது உறுதியைப் புகழும் நூல்கள், ஊரைவிட்டுச் சென்ற பெண்டிரையும் குழந்தைகளையும் இரண்டு வரியில் கடந்துவிடுவது முறையன்று.

1920களில் தென்பகுதியில் இரயில் நின்றது. 1960களில் தொடங்கிய சீரமைப்பு, 1967ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கைவிடப்பட்டது. நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த நிலையம் பின்னர் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாயிற்று; பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே காக்கப்பட்டுள்ளன.

வக்ஃபின் பயன் அற்றுப்போனால் அதை மாற்றலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபிகளும் ஹன்பலிகளும் நிபந்தனையோடு இடமளிக்க, நம் கரையோர ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹபோ இதில் மிக இறுக்கமானது. இங்கே கட்டடம் விற்கப்படவும் இல்லை, இடிக்கப்படவும் இல்லை. ஆகவே பெரும் ஆட்சேபத்திற்கு இடமில்லை என்பது என் கருத்து. ஆனால் தோல் விற்றுக் காசு தந்தவர்களும், இங்கிருந்து வண்டியேறிய மதீனாவாசிகளும் எஞ்சின்களுக்கு இணையாக அங்கே பேசப்படவேண்டும். மக்காவையும் மதீனாவையும் இணைத்து 2018இல் தொடங்கிய ஹரமைன் அதிவேக இரயில், இந்த நிலையத்தைத் தொடாமல் வேறோர் இடத்தில் போய் நிற்கிறது.