தையல் மிஷின் சொல்லும் வரலாறு



கிள்ளானில் எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் வீட்டில் நான்கு தையல் மிஷின்கள் உண்டு. "இத்தனை எதற்கம்மா?" என்று கேட்டேன். "எதை வாத்தியாரே தூக்கிப் போடுவது?" என்றார்.

ஒன்று ஷாங்காயில் செய்த பட்டாம்பூச்சி முத்திரை மிஷின். ஒன்று ஜப்பானியது. மற்றொன்று உஷா, 1935இல் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் எஞ்சினியரிங் நிறுவனத்தின் சரக்கு. நான்காவது, அவருடைய மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்தில் வாங்கிய சிங்கர் கைமிஷின். அதன் உடலில் ஓர் எண்ணும், எண்ணுக்கு முன்னால் 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தும் பொறித்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரிலிருந்த ஆலையில் பிறந்தது என்பதற்கு அது அடையாளம். 1885 முதல் இயங்கிய அந்தப் பெரிய ஆலை 1980இல் மூடப்பட்டது. மிஷின் இன்னும் தைக்கிறது!

இயந்திரங்களை அதிகம் விரும்பாத காந்தியடிகள்கூட, 1924இல் ஓர் உரையாடலில், சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். கதை அழகானதுதான். ஆனால் ஐசக் சிங்கர் செய்தது வேறு. பாஸ்டன் நகரத்துப் பட்டறையில், பிறர் செய்த மிஷினொன்றின் குறைகளைக் கண்டு அதைத் திருத்தி அமைத்தார். 1851இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1846இல், எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றிருந்தார். வழக்கு நடந்தது, ஹோவுக்கு சிங்கர் பணம் கொடுக்க நேர்ந்தது.

ஏழை வீட்டுக்குள் மிஷினைக் கொண்டுவந்தது வேறொரு யோசனை. 1856இல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைத் தொடங்கினார். கொஞ்சம் முன்பணம், பிறகு மாதாமாதம். கடைசித் தவணை கட்டும்வரை மிஷின் கம்பெனிக்குத்தான் சொந்தம். இடையில் பணம் நின்றால் மிஷினும் போகும், கட்டிய பணமும் போகும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்றிருந்த குடும்பங்களுக்கு இது எத்தகைய துணிச்சல் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாமியாரின் தவணைச் சீட்டுகளை அந்த அம்மையார் மிஷின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலச் சீட்டைக் காட்டினார். அந்த மாதம் மாமியாரின் மூக்குத்தி அடகுக் கடைக்குப் போனதாம். பிறகு அது திரும்பி வரவேயில்லையாம்.